தாடை மூட்டும் தமிழ்ச் சொல்லும்



இம்மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் நாம் இலக்கணம் பற்றியோ பேச்சுவழக்குப் பற்றியோ பேசுவோம் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பீர்கள். அழைப்பிதழில் 'தாடை மூட்டு' என்றிருப்பதைக் கண்டு, அச்சுப் பிழையோ என்று தொலைபேசியில் கேட்ட நண்பரும் உண்டு. பிழையன்று. நாம் மருத்துவர் அல்லோம். மொழியியல் படித்து, மொழியியல் கற்பித்து, ஓய்வு பெற்றவர். எனினும் வாய் திறக்க இயலாத ஒருவரின் துன்பத்தில் மொழிக்கும் பங்குண்டு என்பதை அண்மையில் அருகிருந்து கண்டோம். கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

இவ்வூரின் பெயரிலிருந்தே தொடங்கலாம். புக்கிட் என்றால் மலாயில் குன்று; காத்தில் என்றால் கட்டில். அக்கட்டில் நம் தமிழ்க் கட்டிலேதான். கடை 'கெடாய்' ஆனது. கப்பல் 'காப்பால்' ஆனது. பெட்டி 'பெத்தி' ஆனது. அவ்வாறே கட்டிலும் கடல் கடந்து மலாய் வீட்டுக்குள் புகுந்து, ஒரு குன்றின் பெயரிலும் இடம்பெற்றது. சொற்கள் எல்லை தாண்டக்கூடியவை. ஆனால் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் சிறு தொலைவைத் தாண்ட முடியாமல் ஒரு சொல் தடுமாறியதை இனிச் சொல்வோம்.

1. ஒரு வீட்டில் நடந்தது

எமக்கு மகள் முறையாகும் ஒருவர், ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அத்தோட்டம் வீடமைப்புப் பகுதியாக மாறியபின் இவ்வூர்ப் பக்கம் குடிவந்தவர், நாற்பது வயதைக் கடந்தவர், தொழிற்சாலை ஊழியர். பல மாதங்களாகக் காதருகே ஒரு சொடக்கு ஒலி கேட்டுவந்தது. ஒருநாள் காலையில் அவ்வொலி நின்றது. ஒலியோடு வாயும் நின்றது. இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. எம்மிடம் வந்து, "சித்தப்பா, தவடை கிட்டிக்கிச்சு" என்றார்.

மருத்துவமனையில் அவர் தேர்ந்த மலாயில் தம் நிலையைச் சொன்னார். மருத்துவரும் பொறுமையாகவே விளக்கினார். ஊசி வழியே மூட்டைக் கழுவும் ஒரு சிகிச்சை உண்டு என்பது அவருக்குப் புரிந்தது. ஆனால் முடிவு அங்கே எடுக்கப்படவில்லை. நம் வழக்கப்படி வீட்டில் கூடிப் பேசியே எடுக்கப்பட்டது. வீட்டில் பேசப்படும் மொழி தமிழ். கையிலிருந்த தாளில் இருந்ததோ கிரேக்கத்திலிருந்து வந்த 'ஆர்த்ரோசென்டெசிஸ்' என்னும் சொல். அதைத் தாய்க்கு எப்படிச் சொல்வது? 'ஆப்பரேஷன்' என்றார். தாய் அதை 'முகத்தை அறுப்பது' என்று கேட்டுக்கொண்டார். "முகத்துல கத்தி வைக்கவா? வேண்டவே வேண்டாம்" என்பது தீர்ப்பாயிற்று. அதன்பின் எட்டு மாதம் கஞ்சியும் குழைந்த சோறும்தான் உணவு.

இதில் மருத்துவர்மேல் குறையில்லை. தாயின் மேலும் குறையில்லை. மகளின் முகத்தைக் காக்க நினைப்பது தாயின் இயல்பு. குறை, இருவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய ஒரு சொல் இல்லாமற் போனதுதான்.

2. தாடை மூட்டு என்பது யாது?

மாணவர்களே, உங்கள் சுட்டுவிரலைக் காதுத் துளைக்குச் சற்று முன்னே வைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலடியில் ஒன்று உருண்டு நகர்வது தெரியும். அதுவே கீழ்த்தாடை எலும்பின் குமிழ். பொட்டெலும்பின் அடியிலுள்ள குழியில் அது பொருந்தியிருக்கிறது. குமிழுக்கும் குழிக்கும் நடுவே நாரிழையாலான மெல்லிய தட்டு ஒன்று உண்டு. அத்தட்டு மூட்டை மேலறை, கீழறை என இரண்டாகப் பிரிக்கிறது. ஒவ்வோர் அறையிலும் ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் அளவே இடம்.

முழங்கையைப் போல இம்மூட்டு மடங்குவது மட்டுமன்று. வாய் திறக்கும்போது குமிழ் முதலில் சுழல்கிறது. பின்னர்த் தட்டையும் உடன்கொண்டு முன்னோக்கி வழுக்குகிறது. கீழ்த்தாடை ஒரே எலும்பாதலால் வலப்புற மூட்டும் இடப்புற மூட்டும் ஒத்து இயங்க வேண்டும். ஒன்று முரண்டினால் மற்றதும் துன்புறும்.

இங்கே தொல்காப்பியத்தை நினைவுகூர்வோம். எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலாகிய பிறப்பியல், எழுத்துப் பிறப்பதற்குத் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு உறுப்புகளை எண்ணுகிறது. அவ்வெட்டில் தாடை இல்லை. ஆயினும் தாடையின் தொழில் இருக்கிறது. அகர ஆகாரங்கள் அங்காத்தலால் பிறக்கும் என்கிறார் ஆசிரியர். நன்னூலார் அதையே அங்காப்பு என்பார். அங்காத்தல் என்பது வாய் திறத்தல்; அதைச் செய்வது தாடை மூட்டு.

உறுப்பு ஏன் விடுபட்டது? பற்களுக்கிடையே கட்டையைக் கடித்துக்கொண்டு பேசச் செய்த ஒலியியல் ஆய்வுகள் ஒரு விடை தருகின்றன. தாடை அசையாவிட்டாலும் நாவும் இதழும் ஈடுசெய்து, கேட்போர் ஏற்கும்படி உயிரொலிகளை எழுப்பிவிடுகின்றன. இதில் மருத்துவத்துக்கும் ஒரு செய்தி உண்டு. தாடை பூட்டிக்கொண்டவர் ஓரளவு தெளிவாகவே பேசுவார். 'நன்றாகத்தானே பேசுகிறீர்கள்' என்று வீட்டார் நினைப்பர். அவரால் ஓர் இட்டிலியைக் கடிக்க இயலாது என்பது பேச்சில் தெரியாது.

மருத்துவர் முதலில் அளப்பதும் இந்த அங்காப்பையே. மேல் கீழ் முன்பற்களின் விளிம்புகளுக்கு நடுவேயுள்ள தொலைவு, வளர்ந்தவர்க்குப் பொதுவாக 40 மில்லிமீட்டர் அளவில் அல்லது அதற்கு மேல் இருக்கும். தம் கைவிரல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்க முடிகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. 'அங்காப்பு அளவு' என்று நாம் எழுதினால், நூற்றாண்டுகள் பழமையான இலக்கணச் சொல் இன்றைய மருத்துவக் குறிப்பேட்டில் சற்றும் பொருந்தாமல் நிற்காது.

3. சொடக்கா, நறநறப்பா, பூட்டா?

தாடையைக் குறிக்க நம்மிடம் சொற்கள் பல. தாடை, தவடை, அலகு, கவுள், செவுள், மோவாய், முகவாய்க்கட்டை என்று இடத்துக்கும் இனத்துக்கும் ஏற்ப வழங்குகின்றன. இவை எல்லாம் ஒரே பொருளன அல்ல. 'தவடை வலிக்கிறது' என்பவர் காதருகே தொடுகிறாரா, கன்னத்தைத் தொடுகிறாரா, மோவாயைத் தொடுகிறாரா என்று பார்க்க வேண்டும்.

ஒலிக்குறிப்புச் சொற்கள் இன்னும் பயனுடையன. வாய் திறக்கையில் 'சொடக்' என ஒற்றை ஒலி எழுந்தால், முன்னோக்கி நழுவிய தட்டின்மேல் குமிழ் மீண்டும் ஏறி அமர்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 'நறநற' என்று மணலை மிதித்தாற்போல் தொடர்ந்து ஒலித்தால், மூட்டின் பரப்புத் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. சொடக்கு வந்துகொண்டிருந்து திடீரென நின்று வாயும் திறவாமற் போனால், நழுவிய தட்டின்மேல் குமிழ் ஏற முடியாமல் தடைப்பட்டது என்று ஐயுறலாம். எம் உறவினர்க்கு நேர்ந்தது இதுவே. ஒலி நின்றதை அவர் நலம் என்று எண்ணினார். அது பூட்டின் தொடக்கம். வலி இல்லாத வெறும் சொடக்கு மக்களிடையே மிகப் பரவலானது. அதற்குச் சிகிச்சை பெரும்பாலும் தேவையில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

கிட்டுதல் என்ற வினை நம் தோட்டப்புறத்தில் இன்றும் உயிரோடிருக்கிறது. பல் கிட்டியது, தவடை கிட்டியது என்பர். ஆனால் கிட்டியதற்குக் காரணம் பல. கடைவாய்ப் பல்லின் சீழ், தசை இறுக்கம், இரணஜன்னி, மூட்டின் கோளாறு எல்லாவற்றுக்கும் அச்சொல் பொது.

இன்னொரு காரணத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். நெடுங்காலம் பாக்கு மெல்வோர்க்கு வாயின் உட்பக்கச் சவ்வுக்கு அடியில் நார் படர்ந்து, கன்னம் விறைத்து, அங்காப்புக் குறுகும். கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் 1952இல் இது விவரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே இந்தியாவில் ஜோஷி என்னும் மருத்துவர் இதைத் தனி நோயாக எழுதினார். இது மூட்டு நோயன்று; மூட்டைக் கழுவினால் தீராது. பிற்காலத்தில் புற்றாக மாறவும் கூடும். வெற்றிலை பாக்குப் போடும் பாட்டி 'காரம் எரியுது, வாய் திறக்கல' என்றால், அது 'வயதாகிவிட்டது' என்று கடந்துபோகும் செய்தியன்று. எரிச்சல் என்ற ஒரு சொல்லே இரு நோய்களைப் பிரித்துக் காட்ட உதவுகிறது.

வலிக்கும் இதுவே விதி. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, தெறிப்பு என்று நாம் பிரித்துச் சொல்கிறோம். மலாயிலும் 'லெங்ஙோ' என்பது தசையின் அலுப்பு வலி. 'ஙிலு' என்பது பற்கூச்சம். 'பெடே' என்பது எரிச்சல். இரு மொழியிலும் நுட்பம் இருக்க, நாம் மருத்துவரிடம் 'சாக்கிட்' என்ற ஒரே சொல்லை வைத்துவிட்டு வருகிறோம்.

4. சிகிச்சையின் படிகள்

தாடை மூட்டு நோயாளரில் பெரும்பாலோர்க்கு ஊசியும் தேவையில்லை. மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், வாய்ப்பயிற்சி, பல் நெரித்தலை நிறுத்தல், வலி மருந்து, இரவில் பல்மேல் அணியும் உறை ஆகியவற்றாலேயே பலர் நலம் பெறுவர். இவை போதாதபோதுதான் அடுத்த படி.

இப்படிகள் வந்த வரலாறு சுவையானது. 1887இல் எடின்பரோவின் தாமஸ் அன்னண்டேல், மூட்டைத் திறந்து, இடம்பெயர்ந்த தட்டைத் தைத்து நிறுத்தினார். 1934இல் அமெரிக்கக் காது மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், காது இரைச்சல், காதடைப்பு முதலியவற்றைத் தாடை மூட்டோடு இணைத்து எழுதினார்; நோய்க்கு அவர் பெயரே நெடுநாள் வழங்கியது. பிற்காலத்தில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டுகள் பொருத்தப்பட்டன. அவை மூட்டுக்குள் சிதைந்து எலும்பை அரித்தன. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அவற்றின் பயன்பாடு நிறுத்தப்பட்டது. பெரிதாகத் திறந்து பெரிதாக மாற்றுவதே நலம் என்ற எண்ணத்துக்கு இது கடுமையான பாடமாயிற்று.

மறுபுறம் ஜப்பானில் வேறொரு வழி வளர்ந்தது. 1918இல் தோக்கியோவில் கென்ஜி தக்காகி, சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை இறந்தவர் ஒருவரின் முழங்கால் மூட்டுக்குள் செலுத்திப் பார்த்தார். அவ்வழியில் கருவி மெலிந்து மெலிந்து, 1975இல் மசாத்தோஷி ஓனிஷி தாடை மூட்டுக்குள்ளும் அகநோக்கியைச் செலுத்தினார். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் அது. பொதுவாக மயக்கமருந்து கொடுத்துச் செய்வர். காதின் முன்னே ஒரு சிறு துளையிட்டு, மூட்டின் உள்ளே ஒட்டுகளையும் வீக்கத்தையும் திரையில் காண்பர், நீரால் கழுவுவர், வேண்டுமாயின் இரண்டாம் துளை வழியே ஒட்டுகளை நீக்குவர்.

இவ்வாறு செய்தபோது ஒரு வியப்புத் தோன்றியது. தட்டு பழைய இடத்துக்குத் திரும்பாதபோதும் பலருக்கு வாய் திறந்தது, வலி குறைந்தது. அப்படியானால் பயன் தந்தது எது? கழுவியதுதானோ? இக்கேள்வியைப் பின்பற்றி எருசலேமின் டோரித் நிட்சானும் உடன் ஆய்வாளர்களும் 1991இல் அகநோக்கியே இல்லாத எளிய முறையை வெளியிட்டனர். காது முனையிலிருந்து கண்ணின் வெளிக்கடை வரை ஒரு கோடு வரைந்து, அக்கோட்டை அளவாகக் கொண்டு இரண்டு ஊசிகளை மூட்டின் மேலறைக்குள் செலுத்துவர். ஓர் ஊசி வழியே உப்புக் கரைசல் உட்செல்லும். மற்றதன் வழியே வெளியேறும். 100 மில்லிலிட்டரோ அதற்கு மேலோ ஓடவிடுவர். அந்த இடம் மட்டும் மரத்துப்போகச் செய்தாலே போதும். பலர் அன்றே வீடு திரும்புவர். கத்தி இல்லை, தையல் இல்லை.

கழுவுவதால் என்ன நேர்கிறது? வீக்கத்தைத் தூண்டும் பொருள்கள் நீரோடு வெளியேறுகின்றன. நீரின் அழுத்தம் அறையை விரித்து, குழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்ட தட்டை விடுவிக்கிறது. அதன்பின் நாள்தோறும் வாய்ப்பயிற்சி செய்ய வேண்டும். செய்யாவிடின் பெற்ற பயன் நழுவும்.

இடர் அறவே இல்லை என்றும் சொல்லற்க. வீக்கம், குருதிக்கசிவு, மரமரப்பு, முகநரம்பு சில காலம் தளர்தல் ஆகியன நேரக்கூடும். எல்லார்க்கும் பயன் தரும் என்ற உறுதியும் இல்லை. பூட்டு நீடிக்க நீடிக்க ஒட்டுகள் வலுப்படும். எட்டு மாதக் காத்திருப்பு நமக்கு உறுத்துவது இதனால்தான்.

5. 'அறுவை' என்ற சொல்லின் கூர்மை

தமிழ்நாட்டிலும் இங்கும் அறுவைச் சிகிச்சை என்கிறோம். இலங்கையில் சத்திரசிகிச்சை என்பர். அறு என்னும் வினையடி நம் காதுக்குக் கத்தியைக் காட்டிவிடுகிறது. துளைத்தலும் கழுவுதலும் அறுத்தல் அல்ல. ஊசியால் செய்வதை 'மூட்டுக் கழுவல்' என்றும், குழாயால் செய்வதை 'மூட்டு அகநோக்கல்' என்றும், மூட்டைத் திறந்து செய்வதை மட்டும் 'அறுவை' என்றும் வழங்கினால், மூன்று படியும் மூன்று சொல்லில் விளங்கும். முதலிரண்டுக்கும் பொதுப்பெயர் வேண்டின், 'நுண்துளைச் சிகிச்சை' எனலாம். 'மூட்டைக் கழுவி விடுவார்களாம்' என்று அன்று வீட்டில் சொல்லியிருந்தால் தாயின் தீர்ப்பு வேறாக இருந்திருக்கக்கூடும்.

இம்முயற்சி புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவர் காலத்தில் 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' முதலிய பெருநூல்கள் தமிழில் அச்சேறின. சொல் தேடும்போது முதலில் தமிழ், அதில் இல்லையேல் வடமொழி, அதிலும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழொலியில் எழுதுதல் என்ற ஒழுங்கை அவர் வைத்திருந்தார். பின்னாளில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் மலாயா வந்து மருத்துவமனைகளில் பணியாற்றியதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் அந்நூல்களின் சொற்கள் அவர்களோடு வரவில்லை. பயிற்றுமொழி ஆங்கிலமாகிவிட்டது. 'அங்காதிபாதம்' இன்று யாருக்கும் விளங்காது, 'இரணம்' விளங்கும். மக்கள் வாயில் முன்பே இருந்த சொல் நின்றது. நூலில் மட்டும் இருந்த சொல் நூலோடு நின்றுவிட்டது.

ஆகவே தூய்மை ஒன்றையே அளவாகக் கொள்ள வேண்டா என்பது எம் கருத்து. ஓர் எடுத்துக்காட்டு: மலாயில் மூட்டுக்கு 'செண்டி' என்று பெயர். அது வடமொழிச் 'சந்தி'யின் வழி வந்தது. அச்சந்தியைத்தான் நாம் சொற்கள் கூடுமிடத்துக்குப் பெயராக்கி, வகுப்பில் சந்திப்பிழை திருத்துகிறோம். கிரேக்கத்தில் மூட்டைக் குறித்த 'ஆர்த்ரோன்' என்ற சொல்லே அவர்களுடைய இலக்கணத்தில் ஒரு சொல்வகைக்கும் பெயராயிற்று. எலும்பு கூடுமிடத்தையும் சொல் கூடுமிடத்தையும் ஒரே பெயரால் அழைத்தது நாம் மட்டுமல்லோம். இதை வகுப்பில் ஒருமுறை சொன்னால், மாணவர்க்கு 'செண்டி'யும் மறவாது, சந்தியும் மறவாது.

6. நாம் செய்யத்தக்கது

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பிறப்பியல் நடத்தும்போது மாணவரைக் காதருகே விரல் வைத்து 'ஆ' என்றும் 'ஈ' என்றும் சொல்லச் செய்யுங்கள். அங்காப்பு என்ற சொல் அவர்கள் விரலில் பதியும்.

மாணவர்களிடமும் ஒன்று. உங்கள் பாட்டியிடமோ அம்மாச்சியிடமோ அமர்ந்து, வலிக்கும் நோய்க்கும் உறுப்புக்கும் அவர் வழங்கும் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். எந்த இடத்தைத் தொட்டுச் சொன்னார் என்பதையும் குறியுங்கள். அருகே மலாய்ச் சொல்லை எழுதுங்கள். தோட்டங்கள் மறைந்து வருகின்றன. அச்சொற்களை அறிந்தோரும் குறைந்து வருகின்றனர். நாற்பது சொற்கள் அடங்கிய ஒரு தாள் மருத்துவமனைக்குச் செல்லும் பையில் இருக்குமானால், அது ஓர் ஆய்வேட்டைவிடப் பயனுடையதாகலாம். வீட்டுப் பெரியவர்க்கு மொழிபெயர்க்கும் பொறுப்பு இன்று உங்கள் தோளில்தான் இருக்கிறது. மருத்துவர் சொன்ன பெயரை அப்படியே கொண்டுவராதீர்கள். 'என்ன செய்வீர்கள், எதனால் செய்வீர்கள், எவ்வளவு நேரம்?' என்று கேட்டு, செய்யப்போவதைச் சொல்லுங்கள்.

எம் உறவினர் கதையை முடித்துவிடுகிறோம். எட்டாம் மாத முடிவில் அவர் தாயின் அருகமர்ந்து, ஒரு தாளில் குமிழையும் குழியையும் இரண்டு ஊசிகளையும் வரைந்து காட்டினோம். "கத்தி இல்லையா?" என்று கேட்டார். "இல்லை" என்றோம். "அப்போ கழுவட்டும்" என்றார். மூட்டுக் கழுவல் நடந்தது. பயிற்சி இன்னும் நடக்கிறது. மூன்றாம் விரல் இப்போது நுழைகிறது, சற்று நெருக்கமாக. மெல்லும்போது சில நாள்களில் வலி உண்டு. காலத்தோடு சென்றிருந்தால் இன்னும் நன்றாயிருந்திருக்குமா என்று அவர் கேட்பதுண்டு. 'இருந்திருக்கலாம்' என்பதற்கு மேல் எம்மிடம் விடையில்லை.

அந்த எட்டு மாதம் இன்னொரு வீட்டில் வீணாகாதிருக்க வேண்டும். அதற்காகவே இன்று இவ்வளவு பேசினோம்.